மொன்றியலுக்குக் குடி விசாரிக்கப் போனேன்

இந்த முறை நான் ஊர் பார்க்கப் போகவில்லை, ஆள் பார்க்கத்தான் போனேன். அதை முதலே சொல்லிவிடுகிறேன். பிறகு "ஏன் அக்கா, பழைய துறைமுகப் படம் ஒன்றுமே இல்லையே" என்று கீழே வந்து எழுதாதீங்க. என் மகள் ஆரணி மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படிக்கிறாள். அங்கே கூடப் படிக்கிற ஒரு பொடியனை விரும்பி, கட்டினால் இவனைத்தான் என்று நிற்கிறாள். பேர் மிரோ. செக் நாட்டுக்காரர் என்றுதான் இவ்வளவு காலமும் எங்களுக்குச் சொல்லியிருந்தாள். ஜூலை கடைசியில் ஒருநாள் போனில், "அம்மா, அவங்க ரோமா ஆக்கள். ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க" என்றாள்.

ரோமா என்றால் யாரென்று தெரியாதவர்களுக்கு: பல நூற்றாண்டுக்கு முன்னால் வட இந்தியப் பக்கத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்த சனம். ஜிப்சி என்று உலகம் சொல்வது இவர்களைத்தான், அந்தச் சொல் அவர்களில் பலருக்குப் பிடிக்காது. எனக்கு அவர்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இத்தாலிக்குப் போனபோது வழிகாட்டி சொன்ன ஒன்றுதான்: கைப்பை கவனம். என் மனுசன் கேட்ட உடனேயே முகத்தைச் சுளித்தார். "மறைக்கிறாங்க எண்டா மறைக்க ஒண்டு இருக்குகா. நீ போய் வடிவா விசாரிச்சிட்டு வா" என்றார். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். இதில் மட்டும் நாங்கள் இரண்டு பேரும் ஒற்றுமை.

மட்டக்களப்பில் கலியாணம் பேசினால் குடி கேட்போம். எங்கட பக்கத்தில் குடி தாய் வழியாக வருவது. தாய் யார், தாயின் தாய் யார், எந்த ஊரிலிருந்து வந்தவள் என்று மேலே மேலே போய்க் கேட்பது, அப்படிக் கேட்டால்தான் மரியாதை. கேட்காமல் விட்டால் இந்தச் சம்பந்தத்தில் இவர்களுக்கு அக்கறை இல்லை என்றுதான் அர்த்தம். ஸ்காபரோவுக்கு வந்து எத்தனை வருசமானாலும் அது போகவில்லை.

ஆகஸ்ட் முதலாம் தேதி காலை ஏழு மணிக்கு ரொறொன்ரோவில் பஸ் எடுத்தேன். 540 கிலோமீற்றர், ஆறரை மணித்தியாலம், டிக்கெட் 58 டொலர். ரயிலில் போகலாம், ஆனால் கடைசி நேரத்தில் எடுத்தால் விலை கண்ணைக் கட்டும். கிங்ஸ்ரனில் கொஞ்ச நேரம் நிற்பார்கள், அங்கே கோப்பி வாங்க வரிசையில் நின்றால் பஸ்ஸை விட்டுவிடுவீர்கள். நான் கட்டிக்கொண்டு போன இடியப்பத்தையும் சம்பலையும் பிரித்தேன். பக்கத்துச் சீட்டு வெள்ளைக்காரப் பொடியன் மூக்கைத் தடவினான். தடவட்டும்.

பஸ் நிலையத்திலிருந்து வெளியே வராமலே மெட்ரோ பிடிக்கலாம். செம்மஞ்சள் பாதையில் ஏறி, ஏழாவது நிலையம் ஜாரி. மிரோவின் தாய் இருக்கிற வில்லரே என்ற பகுதி அங்கேதான். வீதியெல்லாம் மூன்று தட்டு வீடுகள், வெளியால் சுழன்று ஏறுகிற இரும்புப் படிகள். முழங்கால் நோவுள்ளவர்கள் யோசித்து ஏறுங்க. ஆரணி மூலைக்கடை வாசலில் காத்துக்கொண்டு நின்றாள். "அம்மா, ஆக்களைக் குடையாதீங்க, ப்ளீஸ்" என்றாள். "நான் என்ன குடையிறன், நாலு கதை கதைக்கிற" என்றேன்.

மிரோவின் தாய் யானா மூன்றாம் தட்டில் இருக்கிறாள். மணிப் பொத்தானுக்குப் பக்கத்தில் மற்ற வீடுகளுக்குப் பேர் இருந்தது, அவளுக்கு இல்லை. முதல் சந்தேகம். சங்கிலி போட்டபடியே கதவைத் திறந்து, ஆரணியின் முகத்தைக் கண்ட பிறகுதான் சங்கிலியை எடுத்தாள். இரண்டாவது. உள்ளே சுவரில் ஒரு குடும்பப் படம் கூட இல்லை. மூன்றாவது. எங்கட வீட்டிலென்றால் செத்தவர்கள் எல்லாரும் மாலையோடு வரிசையாக நிற்பார்கள். நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டேன். அதை அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை நானும் பார்த்தேன்.

அறுபது வயது மதிக்கலாம். கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் சமைக்கிறாள், புருசன் இல்லை. ஆங்கிலம் கதைப்பாள், அதை என் தமிழில் தருகிறேன். பிளம்ஸ் பழம் போட்ட கேக் வைத்தாள், அருமையான கேக். வலைப்பூவுக்கு என்று போனை எடுத்தேன். "ஏன் படம் எடுக்கிறாய்? யாருக்குக் காட்ட?" என்றாள். சரிதான், ஏதோ இருக்கிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

விசாரிக்கத் தொடங்கினேன். அம்மா எந்த ஊர்? செக் நாட்டில் பொஹீமியாப் பக்கம், என்றாள். அம்மாவின் அம்மா? அவளும் ரோமாவா, வெளியிலிருந்து கட்டினவளா? அவளின் தாய் என்ன ஆக்கள்? என் குரலில் அன்புதான் இருந்தது, சத்தியமாக. ஒவ்வொன்றுக்கும் யானாவின் பதில் சுருங்கிக்கொண்டே போனது, கடைசியில் தலையை மட்டும் ஆட்டினாள். பக்கத்தில் இருந்த மிரோ மேசைக்குக் கீழே தாயின் கையைப் பிடித்திருந்தான். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒரே பிள்ளைதானோ? ஏன் மற்றப் பிள்ளைகள் பெறவில்லை?" என்று கேட்டேன். எங்கட ஆக்கள் பஸ்ஸில் கண்ட பெண்ணிடம் கூடக் கேட்கிற கேள்விதானே அது.

யானா எழுந்தாள். "இதையெல்லாம் கேட்கச் சொல்லி உன்னை அனுப்பினது யார்?" என்றாள்.

"அம்மா, காணும்!" என்று ஆரணி கத்தினாள். இது எங்கள் ஊர் வழக்கம், குடி கேட்பது என்று மிரோவுக்கும் தாய்க்கும் விளக்கப் பார்த்தாள். அதைக் கேட்டு யானாவின் முகம் இன்னும் இறுகியது. பிறகு நின்றபடியே சொன்னாள். "இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் ஜெர்மன் ஆராய்ச்சிக்காரர்களும் இப்படித்தான் வந்தார்கள். சிரித்துக்கொண்டு, இனிப்புக் கொண்டு வந்தார்கள். உன் தாய் யார், அவளின் தாய் யார், முழு ரத்தமா, பாதியா என்று கேட்டார்கள். எங்கள் ஆக்கள் பெருமையாகச் சொன்னார்கள். சொன்ன எல்லாரையும் பிறகு கொண்டுபோனார்கள். என் மகன் பிறந்தபோது எனக்கு வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். நோவில் கிடக்கும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இனிப் பிள்ளை பிறக்காதபடி செய்துவிட்டார்கள் என்று வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். போர் முடிந்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகு நடந்தது இது. வேறு ஏதும் கேட்க வேண்டுமா?"

எனக்கு வெட்கமாக இருந்தது, சரியான வெட்கம். ஆனால் உள்ளதைச் சொன்னால், அடிமனதில் ஒரு மூலையில், இதெல்லாம் உண்மைதானோ என்றும் ஒரு எண்ணம் ஓடியது. எப்படிப்பட்ட மனம் பாருங்க!

அன்றிரவு தங்கினது ஆரணியின் அறையில். லியோனெல்-குரு மெட்ரோவிலிருந்து 211ஆம் இலக்க பஸ், சென்ட்-ஆன் வரைக்கும் ஒரே பஸ்தான், ஆனால் ஒரு மணித்தியாலம் இருக்க வேண்டும். வழி முழுக்க ஆரணி யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்குகிற நேரத்தில் சொன்னாள்: "அவங்க வேணாமெண்டு சொன்னா மிரோ மீற மாட்டான்மா. அந்த மனுசிக்கு அவனை விட்டா ஒருத்தரும் இல்ல. நான் என்ன செய்யிற?" அவள் அழுதது எனக்குத் தெரியக்கூடாது என்று முன்னால் நடந்தாள். நான் பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளையின் வாழ்க்கையை ஒரு கேக் துண்டு சாப்பிடுகிற நேரத்துக்குள் நானே கெடுத்துவிட்டேனே என்று கிடந்தேன்.

காலையில் யானாவிடமிருந்து மிரோவுக்குச் செய்தி வந்தது: ஆரணியின் தாயையும் இன்றைக்குக் கூட்டிக்கொண்டு வா, போன் கொண்டுவர வேண்டாம்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி ரோமா மக்கள் தங்கள் செத்தவர்களை நினைக்கிற நாள். 1944இல் அந்த இரவில்தான் ஆஷ்விட்ஸ் முகாமில் மிச்சமிருந்த ரோமாக் குடும்பங்களை, கிழடு கட்டை, பிள்ளை குட்டி என்று பாராமல், நச்சுவாயு அறைக்குக் கொண்டுபோனார்கள். இவர்கள் கூடுவது ஆற்றுக்கு அப்பால் லொங்கேய் நகரில், யானாவின் உறவுக்காரர் வீட்டுப் பின்வளவில். மஞ்சள் பாதை மெட்ரோ ஆற்றுக்குக் கீழால் போய் அங்கே முடிகிறது. ஏறும் முன் கவனியுங்க, அது தீவுக்கு வெளியே, கட்டணம் வேறு. நிலையத்திலிருந்து பஸ்ஸில் பத்து நிமிசம்.

வாசலில் பலூன் கட்டியிருந்தது. செத்தவர்களுக்கான நாளில் பலூனா என்று எனக்குத் திரும்பவும் மூக்கு வேர்த்தது. மிரோ மெல்லச் சொன்னான்: "அயலுக்குப் பிறந்தநாள் என்று சொல்லியிருக்கிறோம், ஆன்ட்டி. இந்தத் தெருவில் நாங்கள் செக் ஆக்கள்தான்." பின்வளவில் இருபது பேர் வரை, உயரமான பலகை வேலி, பட்டப்பகலில் மெழுகுதிரி. நான் உள்ளே போனதும் கதை நின்றது. ஒரு கிழவர் யானாவிடம் ஏதோ கேட்டார், அவள் ஒரு சொல்லில் பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஒவ்வொருவராக எழுந்து பேர் சொல்லித் திரி கொளுத்தினார்கள். யானா கொளுத்தும்போது மிரோ என் காதில் மொழிபெயர்த்தான். அவளுடைய பாட்டி, லெட்டி என்ற முகாமில் செத்தவள். அதைக் காவல் காத்தது ஜெர்மன்காரன் இல்லை, செக் பொலிஸ்தான். முகாம் இருந்த இடத்தில் பிறகு கனகாலம் பன்றிப் பண்ணை நடந்ததாம். பிறகு யானா சொன்னாள்: "பாட்டியின் தாய், பேர் தெரியாது. பாட்டியின் தங்கைகள், பேர் தெரியாது." நேற்று நான் கேட்டேனே, அவளின் தாய் என்ன ஆக்கள் என்று! பதில் சொல்லி வைக்க ஒருத்தரையும் மிச்சம் விடவில்லை. நான் அழுதுவிட்டேன். யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை, அது நியாயம்தான்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விசயங்கள். கோடையில் போங்க, மார்கழியில் அந்த இரும்புப் படியில் ஏறினால் எலும்பு தேறாது. கடைக்குள் போனதும் ஒரு 'பொன்ஜூர்' சொல்லுங்க, முகம் மாறும். தமிழ்ச் சாப்பாட்டுக்கு வில்லரேக்குப் பக்கத்திலேயே பார்க்-எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. இப்படியான நாளுக்கு யாராவது கூப்பிட்டால் போங்க, கூப்பிடாமல் போகாதீங்க. படம் எடுக்காதீங்க. யானாவிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன், பேர்களெல்லாம் மாற்றினவை.

திரும்பும்போது யானாதான் என்னை மெட்ரோவுக்குக் காரில் கொண்டுவந்தாள், தனியாக. நிலையத்து வாசலில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்தாள். பின்னேரம் ஆறு மணி இருக்கும், வெயில் முகத்தில் அடித்தது.

"நேற்று நீ கேட்டாய். இன்றைக்கு நான் ஒன்று கேட்கிறேன்" என்றாள். "என் மகன் உன் வீட்டில் இருக்கிறான். கதவைத் தட்டி, இங்கே மிரோ என்று ஒரு ரோமா இருக்கிறானா என்று கேட்கிறார்கள். என்ன சொல்லுவாய்?"

நான் யோசிக்கவே இல்லை. "எங்கள் மருமகன், நல்ல பிள்ளை என்று சொல்லுவேன். நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன்."

"பிழை" என்றாள் யானா. "என் அம்மாவின் அக்காவுக்காக ஊர் வாத்தியார் அப்படித்தான் நெஞ்சை நிமிர்த்திப் பேசினார், நல்ல பிள்ளை என்று. அவளைக் கொண்டுபோய்விட்டார்கள். என் அம்மாவுக்கு அப்போது நாலு வயது. அவளைத் தன் பண்ணையில் ஒளித்து வைத்திருந்த கமக்காரி, இங்கே அப்படி ஒரு பிள்ளையே இல்லை என்றாள். அதனால்தான் நான் இருக்கிறேன்."

இதுவரை வலைப்பூவில் எழுதாத ஒன்றை அவளுக்குச் சொன்னேன். யுத்த காலத்தில் எங்கட வீட்டுக்கு ஆமிக்காரர் வந்து அண்ணனைக் கேட்டபோது, அம்மா என்னைக் காட்டி, "எனக்கு இந்தப் பொம்பிளப் பிள்ளை மட்டுந்தான், ஆம்பிளப் பிள்ளை பெறவே இல்ல" என்று நின்றாள். அண்ணன் கூரைக்குள் கிடந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

யானா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த இரண்டு நாளில் முதல் தரம் சந்தேகம் இல்லாமல் பார்த்தாள்.

"அண்ணன் தப்பினாரா?"

"தப்பினார்."

"ஆக, உனக்குப் பொய் சொல்லத் தெரியும்" என்றாள். "அப்படியென்றால் என் மகனை உன் வீட்டில் விடலாம்."