மரிய அந்தோணி போட்ட விருந்து

மரிய அந்தோணி யாரோடும் சண்டைக்குப் போகிற ஆளில்லை. அவருக்கு வெறுப்பு என்று உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: வண்ணார்பேட்டை ஜுபிலி கால்பந்து கிளப். ராதாபுரத்துக்குத் தெற்கே இருக்கும் அவருடைய கடற்கரை ஊரில் ஜுபிலியை யாருக்கும் பிடிக்காது. ஆனால் மற்றவர்கள் ஆட்டம் நடக்கும்போது மட்டும்தான் திட்டுவார்கள். இவர் வலை தைக்கும்போதும் திட்டுவார். ஜெபமாலைக்கு நடுவில்கூட ஒரு வசவு வந்து விழுந்ததாக மனைவி விக்டோரியா சாமியாரிடம் புகார் சொன்னதுண்டு.

ஜுபிலியை நடத்தியவர் ஒரு பஸ் முதலாளி. ஆட்டக்காரர்கள் தனி வேனில் வந்து இறங்குவார்கள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பூட்ஸ், துண்டு எடுத்துக் கொடுக்கத் தனியாக ஓர் ஆள். உள்ளூர்க் கடல்தாரகை அணியிலோ பாதிப் பேர் வெறுங்கால். எந்த ஊரில் ஒருவன் நன்றாக ஆடினாலும் முதலாளி தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

"காசு இருக்குன்னு கோலடிக்கக்கூட ஆள் வச்சிருக்கானுவ" என்பார் மரிய அந்தோணி.

தொண்ணூற்றைந்தாம் வருடத் திருவிழாவில் விஷயம் முற்றியது. மாதா கோவில் போட்டிக்கு ஒரு சுழற்கோப்பை உண்டு. ஊரின் ஒவ்வொரு படகும் ஒருநாள் மீன் விற்ற காசைக் கொடுத்துச் செய்த கோப்பை அது. தொடர்ந்து மூன்று வருடம் ஜெயிப்பவர்கள் அதைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். ஜுபிலி ஏற்கெனவே இரண்டு வருடம் ஜெயித்திருந்தது. இந்த முறையும் ஜெயித்தால் ஊர்க்கோப்பை பஸ் கம்பெனிக் கண்ணாடி அலமாரிக்குப் போய்விடும்.

இறுதியாட்டத்தன்று வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு ஊர் வீடுகளில்தான் மதியச் சாப்பாடு. சீட்டுக் குலுக்கி வீட்டுக்கு ஒருவராக அனுப்புவார்கள். மரிய அந்தோணி வீட்டுக்கு வந்தவன் சுடலைக்கண்ணு. ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் சுமக்கிற வீட்டுப் பையன், அந்த வருடம்தான் ஜுபிலி தூக்கிப்போன புதுக் கோலடிக்காரன். மரிய அந்தோணி மாதாவுக்கு மனசாற நன்றி சொன்னார். வயிறு முட்டத் தின்றவன் எப்படி ஓடுவான்? விக்டோரியா கையிலிருந்து அகப்பையைப் பிடுங்கித் தானே பரிமாறினார். சீலா மீன் குழம்பு, நண்டு, வறுத்த நெத்திலி, மேலே மேலே சோறு. பையன் போதும் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

மைதானத்தில் போய் ஊருக்கே சொன்னார்: "கவலப்படாதிய. அவன் இன்னைக்கு ஓட மாட்டான், உருளத்தான் செய்வான்."

முதல் பாதியில் சுடலைக்கண்ணு ஏப்பம் விட்டுக்கொண்டு நின்றான். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டாம் பாதியில் எல்லோருக்கும் கால் தளர்ந்த நேரத்தில் அவன் ஒருவன் மட்டும் ஓடினான். இரண்டு கோல். கோப்பை போயே போய்விட்டது. ஊர் மொத்தமும் மரிய அந்தோணியைத் திரும்பிப் பார்த்தது.

"மத்தவனெல்லாம் தள்ளு வண்டியா நிக்கான். நீரு ஒருத்தனுக்கு மட்டும் டீசல் ஊத்தி அனுப்பியிருக்கீரு வே" என்றார் கமிட்டித் தலைவர் வேதமுத்து.

அந்த நேரம் பார்த்து சுடலைக்கண்ணு மரிய அந்தோணியைத் தேடி வந்தான். ஜுபிலியில் ஆட்டத்தன்று பன்னும் டீயும்தானாம். சோறு தின்றால் உடம்பு கனத்துவிடும் என்று முதலாளி தர மாட்டாராம். இன்றைக்கும் மற்றவர்களெல்லாம் அவருக்குப் பயந்து, போன வீடுகளில் பேருக்குத்தான் கொறித்தார்களாம்.

"இன்னைக்குத்தான் அண்ணாச்சி எனக்குக் காலு நடுங்கல" என்றான்.

மரிய அந்தோணிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இத்தனை வருடம் ஜுபிலியை வெறுத்தது போதவே போதாது என்று தோன்றியது. வீட்டுக்கு ஓடி, மிச்சக் குழம்பைச் சட்டியோடு தூக்கிவந்து, வேனில் ஏறி உட்கார்ந்திருந்த பையன் மடியில் வைத்தார். முன் சீட்டில் முதலாளி கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார். மரிய அந்தோணி ஜன்னலருகே போய் அவரிடம் சொன்னார்:

"கப்பு ஒமக்கு, கொண்டு போவும். சட்டியத் திருப்பித் தந்துரணும். அதுக்கு மூணு வருசக் கணக்கெல்லாம் கெடையாது."