பழைய கட்டைத் தொடாத சிவகாமசுந்தரி

எங்கள் அலுவலகத்தில் அட்டைக்காக அதிகம் திட்டு வாங்கியவர் சிவகாமசுந்தரி அக்கா. திட்டியவர்களில் நானும் ஒருத்தி. பெட்டி பெட்டியாக அலமாரிக்குச் சுமந்தது இந்த ருக்கையாதானே?

அக்கா, சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் சைக்கிள் கடை வைத்திருந்தவரின் மூத்த மகள். 1958இல், பதினெட்டு வயதில், தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு விவரங்களை அட்டையில் துளைகளாகப் போடும் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு அந்த அட்டைகளைப் படிக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வந்தது. அக்கா மாலை வகுப்புக்குப் போய்ப் புரோகிராம் எழுதக் கற்றார். எங்கள் அறையில் புரோகிராம் எழுதிய ஒரே பெண் அவர்தான். அதைச் சொல்லும்போது இன்றும் எனக்குத் தலை நிமிர்கிறது.

மற்றவர்கள் எல்லாவற்றையும் ஒரே நீளப் புரோகிராமில் அடைப்பார்கள். இயந்திரத்தில் இடம் குறைவு என்று பழைய எண்ணை அழித்து, அங்கேயே புதியதை எழுதுவார்கள். வேலை முடிந்ததும் கொடுத்த அட்டைகள் குப்பைக்குப் போகும். அக்கா சின்னச் சின்னதாக எழுதுவார். ஒன்றின் விடை புதிய அட்டைக் கட்டாக வரும். அதை அடுத்தது வாங்கிக்கொள்ளும். வாங்கிய கட்டு அப்படியே இருக்கும்.

"அட்டை என்ன மரத்துலயா காய்க்குது?" என்று கேட்பார் மேற்பார்வையாளர் அப்துல் மஜீது.

"அழிச்சிட்டா அத யாரு சார் திருப்பிக் குடுப்பா?" என்பார் அக்கா.

1968இல் துறைமுகத்தில் எங்கள் கம்பெனிக்கு வேலை செய்தவர்களில் ஆட்குறைப்பு. ஐந்து வருடத்துக்கு மேல் உழைத்தவர்களின் பட்டியலைத் தயாரித்தோம். அதில் பெயர் இல்லாதவருக்கு வேலை இல்லை. புதன்கிழமை அதிகாரி கையெழுத்துப் போடுவார். திங்கள் காலை முத்துசாமி என்ற தொழிலாளி வந்து நின்றார்.

"எட்டு வருஷமா மூட்டை தூக்குறேன் சார். லிஸ்டுல அப்பா பேரு இருக்கு, என் பேரு இல்ல."

"மெஷின் தப்பு பண்ணாது லா," என்றார் மஜீது.

கங்காணிகள் ஆட்களின் பெயர் எழுதிவைத்த பதிவேடுகளை, அட்டையில் ஏற்றியாயிற்று என்று அதற்குள் எரித்துவிட்டிருந்தார்கள். அக்கா தன் கட்டுகளை மேசையில் பரப்பிக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் பார்த்தார். முதல் புரோகிராமிலேயே பிழை அகப்பட்டது. ஒரு கங்காணி அப்பா பெயரை முன்னால் எழுதுவார், இன்னொருவர் பின்னால். அதைச் சரிக்கட்ட அந்தப் புரோகிராம் இரண்டு பெயரையும் எழுத்து வரிசையில் வைத்து ஆளை அடையாளம் கண்டது. முத்துசாமியின் தாத்தாவும் முத்துசாமிதான். முத்துசாமி மகன் மருதப்பனும், மருதப்பன் மகன் முத்துசாமியும் ஒரே ஆளாகிவிட்டார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற நம் ஆட்களில் ஒருவருக்காவது இது தோன்றியிருக்க வேண்டாமா? எனக்கு வெட்கமாக இருந்தது.

"தப்பு என்னோடதுதான் சார்," என்றார் அக்கா. சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை.

தொடாமல் வைத்திருந்த மூலக் கட்டில் பிறந்த வருடம் இருந்தது. அதையும் சேர்த்துப் பார்க்கும்படி முதல் புரோகிராமை மாற்றினார். அடுத்தவற்றில் கைவைக்க வேண்டியிருக்கவில்லை. அவை தமக்கு வந்த கட்டை வாங்கி வழக்கம்போல் வேலை செய்தன. செவ்வாய் மாலைக்குள் முத்துசாமியோடு நாற்பத்தொரு பேர் பட்டியலுக்குத் திரும்பினார்கள். அன்று பெட்டிகளை அலமாரிக்குச் சுமந்தவர் மஜீது சார்.

புதன்கிழமை கையெழுத்தானதும் அப்பாவும் மகனும் சேர்ந்து வந்தார்கள்.

"போன மாசம் எனக்குப் பையன் பொறந்தான்க்கா," என்றார் முத்துசாமி தயக்கத்தோடு. "மருதப்பன்னுதான் பேரு வச்சிருக்கோம்."

"நல்ல பேரு," என்றார் அக்கா. "இனிமே மூணு பேரும் மூணு பேராவே இருப்பீங்க."