வெந்தயத்துக்கு ஒரு ஸ்டிக்கர்

போன வாரம் ஒரே ஒரு சொல்லை வெட்டி வாங்குவதற்காக, திருப்பதியில் கார்க் கண்ணாடிகளுக்கு நாமம் வெட்டித் தரும் ஸ்டிக்கர் கடைக்குப் போனேன். ‘வெந்தயம்’ — அவ்வளவுதான்.

அமெரிக்காவிலிருக்கும் மகள், பிரசவத்துக்கு அம்மாவை அழைத்திருந்தாள். நான் தனியே சமைத்தாக வேண்டுமே... சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் பெயர் ஒட்டிவிட என் மனைவி முடிவு செய்தாள். மகள் அனுப்பிய, ஸ்டிக்கர் வெட்டும் சிறிய இயந்திரம் — கட்டிங் பிளாட்டர் — வீட்டில் இருந்தது. அதற்கான இலவச, ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களோ மூன்று நான்கு. எல்லாமே ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்பவை. தொடங்குவோருக்கு எது, தொழில்முறையாளருக்கு எது? முனைவர் பட்டம் பெற்றவன் அல்லவா — ஒப்பிட்டு ஆராய்ந்துகொண்டிருந்தேன். அதற்குள் அவள் ஒன்றைத் திறந்து, மவுஸால் தன் கையெழுத்திலேயே ‘மிளகு’ எழுதி, வெட்டி, ஒட்டியும் விட்டாள்.

வெந்தயம் மட்டும் எழுதியதோடு கணினியிலேயே பாக்கி. பயணம் நடக்கவில்லை. அவளும் இல்லை.

வீட்டிலேயே நான் வெட்டிப் பார்த்தேன். எழுத்துகள் துண்டுதுண்டாக வந்தன. ஆகவேதான் பென் டிரைவும் கையுமாக அந்தக் கடை.

கடைக்காரர் முனிரத்தினம் நகரிக்காரர். பெங்களூரில் போர்டு வேலை பார்த்துத் திரும்பியவர். வாசலில் காத்திருந்தவரிடம் தெலுங்கில் “ஒக்க நிமிஷம் அண்ணா” என்றுவிட்டு, என் கோப்பைத் திறந்தார். அட, அதே மென்பொருள்!

“நீங்களும் இதுதானா?”

“ஓசில கெடைக்கறத வுடுவமா சார்? யாரு எழுதுனது?”

“என் மனைவி.”

“கடைசில கோடுங்கள ஒண்ணா சேக்கணும் சார். இல்லன்னா ஒண்ணுமேல ஒண்ணு ஏறற எடத்துலலாம் பிளேடு அறுத்துக்கினு போவும். இன்னா, அம்மா பாதியில வுட்டுட்டாங்களா?”

“ஆமாம். பாதியில்.”

இரண்டு பட்டன்களைத் தட்டினார். கோடுகள் சேர்ந்தன. கூடவே, மவுஸ் நடுக்கத்தில் நெளிந்திருந்த ‘ய’ வழவழப்பாகி, யாருடைய எழுத்தோ ஆகிவிட்டது.

“சூப்பரா வந்துக்குது பாருங்க!”

“அந்த நெளிவு வேண்டும்.”

“அசிங்கமா இருக்கும் சார். எங் கடை பேரு இன்னாவறது?”

“கடைப் பெயரை யாரிடமும் சொல்லமாட்டேன்.”

சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். கடைசியாகச் செய்ததை மட்டும் ரத்து செய்தார். நெளிவு திரும்பியது, கோடுகள் சேர்ந்தபடியே நின்றன.

“இத வேற பேர்ல வெக்கறேன் சார். அம்மா எழுதுனது அப்படியே இருக்கட்டும்.”

கற்றுக்குட்டிக்கும் கைதேர்ந்தவருக்கும் மென்பொருள் ஒன்றுதான் — என் ஆராய்ச்சி எட்டாத முடிவு இது. அவளையும் இவரையும் ஒரே திரைக்கு முன் உட்கார வைத்துப் பார்க்கத் தோன்றியது. அந்த ‘ய’வுக்காக நிச்சயம் சண்டை போட்டிருப்பார்கள்...

ஸ்டிக்கரை டப்பாவில் ஒட்டியாயிற்று. வெந்தயத்தை எதில், எப்போது போடுவது — அதை யாரிடம் கேட்பது?