குளிப்பாட்டின பியானோ

நான் இன்னா வேலை செய்யறேன்னு எங்க அண்ணனை யாராவது கேட்டா, பொட்டி வாசிக்குதுன்னு சொல்லுவான். இருபது வருஷமா அதே பதில்தான். வெளிநாடு போய்ப் படிச்சேன், எத்தனையோ மேடையில தனி ஆளா ரெண்டு மணி நேரம் வாசிச்சிருக்கேன். அவனுக்கு அது பொட்டிதான். சொந்தக்காரங்க அதுக்கு மேல. சினிமாவுல வாசிக்கிறியா? இல்லியா? அப்ப எதுக்கு அது? இதுங்ககிட்ட வாயைக் குடுத்து வாங்கிக் கட்டிக்கிறதை நான் எப்பவோ வுட்டுட்டேன்.

பியானோ சங்கராபுரத்துப் பக்கம் எங்க வூட்டு முன் ரூம்ல இருந்துது. சென்னையில நான் இருக்கிற பிளாட்டுல நாளைக்கு ஆறு மணி நேரம் வாசிச்சா, அக்கம்பக்கத்துக்காரங்க கூட்டம் போட்டுடுவாங்க. அதனால பெரிய கச்சேரின்னா ஒரு மாசம் முன்னாடியே ஊருக்கு வந்துடுவேன். அண்ணனுக்கு அந்த ரூம் மேல எப்பவும் ஒரு கண்ணு. யூரியா மூட்டை அடுக்கணுமாம்.

போன வருஷம் வெளிநாட்டுல இருந்து ஒரு ஆர்கெஸ்ட்ரா சென்னைக்கு வந்துது. பின்னாடி அம்பது பேர் வாசிக்க, நடுவுல ஒரே ஒரு ஆளு பியானோ. அந்த ஆளா என்னைக் கூப்பிட்டாங்க. நாப்பத்திமூணு வயசுல, முதல் தடவையா. அதுக்குப் பன்னெண்டு நாள் இருக்கறப்ப ஆயுத பூஜை வந்துது.

அன்னிக்குக் காலையில நான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். பியானோ டியூன் பண்றவரு சென்னையில இருந்து வந்தாரு, லீவு நாள்லதான் அவருக்குத் தோது. அவரைக் கூட்டிக்கினு வர்றேன், வாசல்ல டிராக்டர் பளபளன்னு நிக்குது, டயருக்கெல்லாம் பொட்டு. மருந்தடிக்கிற மிஷின், மம்மட்டி, அருவா எல்லாத்தையும் கழுவி வரிசையா வெச்சிருந்தான். மோட்டார் பைப்பு வாசல்ல இருந்து முன் ரூமுக்குள்ள போயிருந்துது. நான் உள்ள ஓடுனேன்.

பியானோ மேல்மூடியைத் தூக்கி, டிராக்டருக்கு வாங்கின ஷாம்பு பாக்கெட்டையே போட்டுக் கழுவி, துண்டால தொடைச்சு, மாலை சாத்தி வெச்சிருந்தான். எண்பத்தெட்டு கட்டை. ஒண்ணு விடாம சந்தனம், குங்குமம். டிராக்டருக்குக்கூட அத்தினி பொட்டு வெக்கல. அடியில தண்ணி சொட்டிக்கினே இருந்துது.

"உன்னுதும் தொழில் சாமான்தானே பாப்பா, இத்தினி வருஷமா வுட்டுட்டேன்"னான், மூஞ்சியெல்லாம் சந்தோஷமா. தொழில்னு ஒரு வார்த்தை அவன் வாயில இருந்து வர்றதுக்கு இருபது வருஷம் ஆச்சு. அது வந்த நேரத்தைப் பாருங்க.

டியூன் பண்றவரு குனிஞ்சு பாத்தாரு. உள்ள சின்னச் சின்ன சுத்தியல்ல கம்பளி ஒட்டியிருக்கும், இப்பவே பிரிச்சுக் காய வெச்சா பாதியாவது தேறும், சாயங்காலம் வரைக்கும் வுட்டா கட்டையெல்லாம் ஊறி உப்பிக்கும்னாரு. பையில இருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாரு. அண்ணன் குறுக்க வந்து நின்னுட்டான். பூஜையில வெச்சதை நாளைக்குக் காலையில கற்பூரம் காட்டித்தான் எடுக்கணும், இன்னிக்குக் கை வெச்சா குடும்பத்துக்கு ஆவாதுன்னான். கெஞ்சினேன், கத்தினேன், கையைப் புடிச்சு இழுத்தேன். அண்ணி வேற, ஒரு நாள் வாசிக்கலன்னா குடியா முழுகிடும்னு கேட்டா. அவன் ரூம் வாசப்படியில சேரைப் போட்டு உக்காந்துட்டான். டியூன் பண்றவரு பாவம், வெளியே தண்ணித் தொட்டிகிட்ட பையை மடியில வெச்சிக்கினு உக்காந்திருந்தாரு.

நாலு மணி வாக்குல கல்வராயன் மலைப் பக்கம் மழைக்கு மானம் கறுத்துது. களத்துல எங்க மக்காச்சோளம் கொட்டிக் கெடந்துது. அண்ணன் சேரை வுட்டு எழுந்தான். மாலையைக்கூடக் கழட்டல, பூஜையில நின்ன டிராக்டர்ல ஏறிச் சாவியைத் திருப்பிட்டான். நான் போய் முன்னாடி நின்னேன்.

"நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்னியே?"

"சோளம் நனைஞ்சா பூஞ்சை புடிச்சிடும் பாப்பா. சோத்து விஷயம், சாமி புரிஞ்சிக்கும். தள்ளு."

என் சோறும் அந்த ரூம்ல காலையில இருந்து நனைஞ்சிக்கினுதான் கெடந்துது. அதைப் புரிஞ்சிக்க மட்டும் அந்தச் சாமிக்கு நேரம் இல்ல. எனக்கு வந்த ஆத்திரத்துல அவனை அடிச்சிருப்பேன். ஆனா தள்ளி நின்னுட்டேன். அவன் போன அடுத்த நிமிஷம் பியானோவைப் பிரிச்சோம். டியூன் பண்றவரு ஒரு கட்டையை அமுக்குனாரு, உள்ள போனது மேல வரவேயில்ல. உதட்டைப் பிதுக்கிட்டு ஸ்க்ரூ டிரைவரைப் பையில போட்டாரு.

மிச்ச நாளெல்லாம் சென்னையில அவரு கடையில, விக்கிறதுக்கு வெச்சிருந்த பியானோவுல, வாடிக்கையாளர் இல்லாத நேரமா பாத்து வாசிச்சேன். பத்தல. மேடையில மொத ரெண்டு பாகம் நல்லா வந்துது. கடைசி பாகத்துல வேகமா ஓடுற எடத்துல வலது கை தடுமாறி நின்னுபோச்சு. ஆர்கெஸ்ட்ரா நான் இல்லாமலே கொஞ்ச தூரம் போச்சு. நான் ஓடிப் போய்ச் சேந்துக்கினேன். ஜனங்க கை தட்டுனாங்க, அவங்களுக்குத் தெரியல. குச்சி ஆட்டி ஆர்கெஸ்ட்ராவை நடத்துனவரு என் மூஞ்சியைப் பாக்காம கை குடுத்தாரு. அவங்க அப்பறம் என்னைக் கூப்பிடல.

கச்சேரி அன்னிக்கு ராத்திரி பிளாட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழட்டல, அண்ணன் போன் பண்ணான். கச்சேரி எப்டி ஆச்சு பாப்பான்னு அக்கறையாதான் கேட்டான்.

"சோளம் நனையலியே?"ன்னேன்.

"இல்ல பாப்பா, ஒரு மணிகூட நனையல"ன்னான்.

நல்லதுன்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டேன்.