மருந்து வைத்தவள்

எலி மேல் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம். பாகூர் ஏரித் தண்ணீரில் விளையும் எங்கள் ஒரு காணி நெல்லை, கதிர் பிடிக்கிற நேரம் பார்த்து வெட்டிச் சாய்த்திருந்தன. பொரியில் எண்ணெய் விட்டு, கருவாட்டுத் தூள் போட்டு, எலி மருந்தைச் சேர்த்துப் பிசைந்து ஒரு வளை விடாமல் வைத்தேன். “மீன் கொழம்புகூட இம்மாம் பக்குவமா வெக்க மாட்டியே” என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார்.

வரப்போரக் கருவேல மரத்தில் ஒரு பருந்து ஜோடி கூடு கட்டியிருந்தது. வெள்ளை உடம்பு, தோளில் கறுப்பு, ரத்தச் சிவப்பில் கண். முன்பெல்லாம் ஏரிக்கரைக் கரண்ட் கம்பி நெடுக இவை உட்கார்ந்திருக்கும். வருஷத்துக்கு வருஷம் குறைந்துபோய் எங்கள் பக்கம் மிஞ்சியது இந்த இரண்டுதான். இவை எலி தின்னும் என்பது எனக்குத் தெரியும். மருந்து வைத்ததும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் காலை, ஒரு பருந்து வரப்பில் குப்புறக் கிடந்தது. தூக்கினால் தலை நிற்கவில்லை. மாட்டுக்காக வாங்கி வைத்திருந்த கால்நடை ஆஸ்பத்திரி நம்பருக்குப் போன் செய்தேன். ஓர் ஆள் எடுத்தார்.

“பருந்து ஒண்ணு எழுந்திரிக்க முடியாம கெடக்குதுங்க.”

“மருந்து எதனா வெச்சீங்களா?”

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று திக்கென்றது. மறைக்கத் தோன்றவில்லை. “வெச்சேங்க. நான்தான், என் கையால வெச்சேன்.”

“நல்ல காரியம் பண்ணீங்க. நெழல்ல போடுங்க, சாயங்காலத்துக்குள்ள தேறிடும். இல்லன்னா நாளைக்குக் கொண்டாங்க.”

படித்தவர் சொல்கிறார் என்று நம்பினேன். நம்பத்தான் ஆசையாக இருந்தது. கூடையில் துணி விரித்து அதைப் படுக்க வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்கு அதன் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. கூடையை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரை வண்டியை எடுக்கச் சொன்னேன்.

டாக்டரம்மா கையில் வாங்கியபோதே அது செத்துவிட்டது. போனில் பேசிய ஆள் அங்கேதான் நின்றிருந்தார். “எலி மருந்தாம்மா? புண்ணுக்கு மருந்து வெச்சீங்களாக்கும்னு இல்ல நெனச்சேன்!”

புண்ணுக்கு வைப்பதும் மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து. நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன், அவர் என்னைப் பாராட்டினார். இதற்கு யாரைத் திட்டுவது?

“காலையிலயே கொண்டாந்திருந்தா ஊசி போட்டுப் பாத்திருக்கலாம்” என்றார் டாக்டரம்மா. “ஜோடி இருக்கா? அப்ப மொதல்ல போயி எலிங்கள எல்லாம் பொறுக்கிப் பொதைங்க.”

அந்த வெயிலில் கழனி முழுக்கத் தேடினோம். செத்தவற்றைப் பொறுக்குவது சுலபம். அரை உயிரில் தள்ளாடுகிறவை நெல்லுக்குள் புகுந்துகொண்டன. தன் வளை எதுவென்றே தெரியாமல் ஓர் எலி வரப்பேறியது. நான் ஓடுவதற்குள் மிஞ்சியிருந்த பருந்து இறங்கி அதைத் தூக்கிவிட்டது.

“வேணாம், போட்றா, போட்றா!” என்று கத்திக்கொண்டே கருவேல மரம்வரை ஓடினேன். மேலே குஞ்சுகள் பசியில் கீச்சிட்டன. அது கூட்டு விளிம்பில் எலியோடு உட்கார்ந்தது. முள்ளு மரம், ஏற முடியாது. பயந்து எலியோடு பறந்து போகட்டும் என்று ஒரு கல்லை எடுத்து எறிந்தேன்.

பயந்துதான் போனது. எலியைக் கூட்டுக்குள் போட்டுவிட்டுப் பறந்தது. கொஞ்ச நேரத்தில் குஞ்சுகளின் சத்தம் அடங்கியது. தின்ன ஆரம்பித்துவிட்டன.