குழியும் மெத்தை அக்காவும்

மெத்தை அக்காவுக்குக் கோபம் வராத நாளே கிடையாது. காரணம் அவள் தம்பி. தம்பி மட்டும் என்றால் எப்படியோ சமாளித்திருப்பாள். அவனோடு ஒரு மியூசிக் பேண்டும் சேர்ந்து வந்துவிட்டதே, அதற்கு என்ன செய்வாள்?

அவள் ஒரு மெத்தைக் கடையில் விற்பனையாள். "செருப்பக் கழட்டிட்டு சும்மா படுத்துப் பாருங்க சார்" என்று நாள் முழுக்கத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொண்டிருப்பாள். கடைக்கு அடியில் ஒரு கிடங்கு. கறை பட்டதும் கிழிந்ததுமாக விற்க முடியாமல் திரும்பி வந்த மெத்தைகளெல்லாம் அங்கேதான் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை என்பதால் கிடங்குச் சாவியை முதலாளி அவளிடம் கொடுத்துவைத்திருந்தார். "பசங்க பாட்டுப் பழகுறாங்களாம், பழகட்டும்" என்று பெரிய மனசு பண்ணிக் கொடுத்தது. என்ன பாட்டு என்று அவர் கேட்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை.

அது ஹெவி மெட்டல் என்கிற இடிமுழக்கப் பாட்டு. அதிலும் ரேடியோ பக்கம் தலைவைத்தும் படுக்காத வகை. பாடுகிறவன் ஒரு பாங்க் கிளார்க். வாரமெல்லாம் "டோக்கன் எடுத்துட்டு உக்காருங்கம்மா" என்று பூனைக்குரலில் பேசுகிற பிள்ளை, மைக்கைப் பிடித்தால் அடிவயிற்றிலிருந்து உறுமுவான். கிதார் வாசிப்பவர் பல் டாக்டர். டிரம்ஸ், நம் தம்பி. பேண்டுக்குத் துரு என்று பெயர் வைத்திருந்தார்கள். நல்ல பேராகப் பார்த்து வைக்கக் கூடாதா என்று அக்கா கேட்டதற்கு, இதுதான் நல்ல பேர் என்றார்கள். இவர்களைப் போல இன்னும் நாலைந்து கூட்டம் அங்கே வந்து வாசிக்கும். கிடங்குக்கு அவர்கள் வைத்த பெயர் குழி.

சுவரெல்லாம் மெத்தைகளை நிறுத்தி, கதவுக்கும் மெத்தையால் முட்டுக் கொடுத்துவிட்டால் உள்ளே உலகமே இடிந்தாலும் வெளியே ஈ காக்கைக்குத் தெரியாது. சவுண்ட் மிக்ஸர் அக்காவின் கையில். "இரும்புக் கடையில அடிதடி மாதிரி இருக்கு, இதுக்கு எத கூட்டுறது எத கொறைக்கிறது?" என்று திட்டிக்கொண்டே கூட்டுவாள், குறைப்பாள்.

அவளுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை? அப்பா போன பிறகு தம்பி வீட்டில் பேசுவதையே விட்டுவிட்டான். கேட்டால் 'ம்' என்பான், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. குழிக்குள் போனால்தான் சிரிப்பான், சண்டை போடுவான், டாக்டரைக் கிண்டல் செய்வான். அந்தச் சாவி கையில் இருக்கிற வரைக்கும் தம்பி தன் கையில் இருக்கிறான் என்று அவள் நினைத்தாள்.

குழிக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. வாயசைப்பு கூடாது. பாட்டை ஓடவிட்டு வாசிக்கிற மாதிரி நடிப்பவனை அங்கே மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். ஒருமுறை நடுப்பாட்டில் கரண்ட் போனபோது, பாங்க் கிளார்க் மைக் இல்லாமலே இருட்டில் கடைசி வரி வரை உறுமி முடித்தான். மறுநாள் பாங்கில் கைஜாடையில்தான் டோக்கன் கொடுத்தானாம்.

இப்படி இருக்கையில்தான் பெரிய பாட்டுக் கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு டைரக்டர் வந்தார். கறுப்புச் சட்டை, மடிப்புகூடக் கலையாத புதுசு. துருவை வைத்து ஒரு வீடியோ எடுக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கும் லீவாம், அதனால் வேலை நாளில்தான் முடியுமாம். அக்கா முதலாளியிடம் போய் நின்றாள்.

"நம்ம கடை பேர் வருமாம்மா?"

"வரும் சார்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள்.

படப்பிடிப்பு அன்று டைரக்டர் குழியைச் சுற்றிப் பார்த்து முகம் சுளித்தார். "மேடம், இந்த மெத்தையெல்லாம் எடுத்துரலாமா? பாக்க வீடு மாதிரி இருக்கு. நமக்கு அண்டர்கிரவுண்ட் ஃபீல் வேணும்."

"தரைக்குக் கீழதானே சார் நிக்கிறீங்க? இதுக்கு மேல என்ன அண்டர்கிரவுண்ட்?"

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுவரில் ஈரக்கறை வரைவதற்கென்றே ஒரு ஆளைக் கூட்டி வந்திருந்தார். நிஜமான ஈரக்கறையை மறைத்துக்கொண்டு அந்த ஆள் கறை வரைய ஆரம்பித்தார். அக்காவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"மெத்தைய எடுத்தா எதிரொலிக்கும் சார். பாட்டு கந்தலாயிரும்."

"கவலையே வேணாம். பாட்டு எங்க ஸ்டூடியோவுலேயே ரெடி. இவங்க சும்மா வாயசைச்சா போதும்."

பல் டாக்டர் கிதாரைக் கழற்றிவிட்டார். "வாயசைக்கிறதா? நடக்காது சார். வாசிச்சா நிஜமா வாசிப்போம். இல்லன்னா ஆள விடுங்க."

டைரக்டருக்கு ஒரே சந்தோஷம். "தாராளமா வாசிங்க! முழு சத்தம் வெச்சுக்கங்க. கழுத்து நரம்பு புடைச்சா ஷாட்டுக்கு நல்லது."

இரண்டு பக்கமும் ஒரு வழியாக ஒத்துப்போனதில் நடுவில் மாட்டியது மெத்தைகள்தான். அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். அப்போது தம்பி பக்கத்தில் வந்து, "அக்கா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும்க்கா. இது நடந்தா எல்லாருக்கும் எங்க பாட்டு கேக்கும்க்கா" என்றான். இவ்வளவு நீளமாக அவளிடம் அவன் பேசி எத்தனை காலமாயிற்று! அவ்வளவுதான், உருகிவிட்டாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதேதான். தன் கையாலேயே மெத்தைகளை இழுத்துக்கொண்டு போய் வெளியே போட்டாள். உள்ளே எதிரொலிக்கும் என்று யோசித்தவளுக்கு வெளியே என்ன கேட்கும் என்று தோன்றவே இல்லை.

தம்பி முதல் அடி அடித்தான்.

மேலே கடையில் புதுக் கல்யாண ஜோடி ஒன்று மெத்தையில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. நிலநடுக்கம் என்று நினைத்து இரண்டு பேரும் வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினார்கள். கண்ணாடிக் கதவு கடகடத்தது. எதிர்க் கடைக்காரர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முதலாளி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிறங்கி வந்தார்.

"என்னம்மா இது?"

"பாட்டு சார்."

"பாட்டா? நான் கட்டடம் விழுதுன்னு நெனச்சேன். ஞாயித்துக்கிழமைதோறும் இதத்தான் பண்ணிட்டிருந்தீங்களா?"

பாங்க் கிளார்க் பணிவாக முன்னால் வந்தான். "இல்ல சார், ஞாயித்துக்கிழமை இன்னும் நல்லா பண்ணுவோம்."

அக்கா அவனை அங்கேயே நாலு சாத்து சாத்தியிருப்பாள். கேமராக்காரர் வேறு விடாமல் முதலாளியின் முகத்தைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். முதலாளி கத்தவில்லை. கையை மட்டும் நீட்டினார். "சாவியக் குடும்மா. ஒன்ன நம்பித்தானே குடுத்தேன்." திட்டியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அதுவரை எடுத்ததை வைத்தே வீடியோ வந்தது. ஒரு சினிமாப் பாடகி இழைத்து இழைத்துப் பாடிய காதல் பாட்டு. நடுவில் தம்பியின் கை ஒரு நொடி தெரிந்தது. பாங்க் கிளார்க் நரம்பு புடைக்க வாயைப் பிளந்தான், உள்ளேயிருந்து அந்தப் பாடகியின் குரல் வந்தது! ஊரே பார்த்து ரசித்தது. குழிக்கு வந்துகொண்டிருந்தவர்களோ, துரு வாயசைத்துவிட்டது என்று பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். தொண்டை கிழிய நிஜமாகப் பாடியவனுக்குக் கிடைத்த பட்டம் வாயசைப்பான். கடையின் பெயர் மருந்துக்கும் வரவில்லை.

தம்பி மறுபடி 'ம்'முக்குத் திரும்பினான். வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேஜையில் குச்சிகளால் அடிப்பான். கீழ் வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடிப்பார். "மேஜ உடையுதுடா, நிறுத்தித் தொலைடா!" என்று அக்கா கத்துவாள். தினமும் இதே கூத்து.

அப்படியொரு சாயங்காலம் டைரக்டர் போன் செய்தார்.

"மேடம், அடுத்த பாட்டுக்கு எங்க ஸ்டூடியோவுலயே குழி மாதிரி செட் போடுறோம். நிஜமான குழியில மெத்தை இருக்கும்னு அங்க வந்து வாசிச்சவங்க கமெண்ட்ல கேலி பண்றாங்க. அந்தப் பழைய மெத்தையெல்லாம் வேணும். கறை போகாம அப்படியே."

அக்கா போனை மறு காதுக்கு மாற்றினாள். "மெத்தைக்கென்ன சார், முதலாளிகிட்ட கேட்டுத் தர்றேன். பசங்க என்னைக்கு வரணும்?"

மேஜைச் சத்தம் நின்றது.

"பசங்களா? இல்ல மேடம், பேண்டுக்கு வேற ஆள் பாத்தாச்சு. அழகா வாயசைக்கிறாங்க, ஒரு தகராறும் இல்ல. மெத்த மட்டும் போதும்."

அக்காவுக்கு மூக்கு சிவந்தது. "கறை பட்டத நாங்க விக்கிறதில்ல சார். புதுசு வேணும்னா கடைக்கு வாங்க. செருப்பக் கழட்டிட்டுப் படுத்துப் பாருங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

தம்பி குச்சிகளைக் கீழே வைத்திருந்தான். "நம்மளக் கேட்டாங்களாக்கா?"

"மெத்தையக் கேட்டாங்க."

"ம்."

அந்த 'ம்'மை அவளால் தாங்க முடியவில்லை. குச்சிகளை எடுத்து அவன் கையில் திணித்தாள். "ஏன்டா நிறுத்தின? அடி."

"கீழ் வீட்டுக்காரர் இடிப்பாருக்கா. மேஜ வேற உடைஞ்சிரும்."

"உடையட்டும்டா."