அணைக்க முடியாத கம்ப்யூட்டர்

போன வாரம் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் கைபேசியில் எதையோ தட்டினார். மூலையில் கிடந்த இயந்திரம் முனகிக்கொண்டு எழுந்து ஒரு தாளைத் துப்பியது. ஒயர் இல்லை, 'யாரு என் பேப்பரை எடுத்தது' என்ற கூப்பாடு இல்லை. அவர் பாட்டுக்குத் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த பொறாமையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்தச் சூடான தாளின் வாசனை, இஸ்திரி போட்ட துணியும் லேசான கருகலும் கலந்த வாசனை, மூக்கில் ஏறியதும் நான் திருவனந்தபுரம் பழவங்காடியில் இருந்தேன்.

பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்கும் தூரத்தில், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே ஆடிட்டர் சாரின் ஆபீஸ். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் நாகர்கோவிலிலிருந்து சீசன் டிக்கெட்டில் தினமும் ரயிலில் போய்வந்தேன். கணவர் மஸ்கட்டில். மூன்று வயதுகூட ஆகாத மகளைக் கணவரின் அக்கா பார்த்துக்கொண்டார். நான் அவரை மைனி என்று கூப்பிடுவேன். காலையில் நான் கிளம்பும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். சாயங்காலப் பாசஞ்சரைப் பிடித்துவிட்டால் அவள் பால் குடிக்கிற நேரத்துக்காவது போய்ச் சேரலாம். அடுத்த வண்டி என்றால் தூங்குகிற முகத்தைத்தான் பார்க்கலாம். நான் பெரும்பாலும் அடுத்த வண்டியில்தான் போனேன்.

காரணம் ஒரு பிரிண்டர். சிரிக்காதீர்கள். ஆபீஸுக்குப் புது லேசர் பிரிண்டர் வந்தபோது, அதைச் சுமந்து வந்த ஆள், என் மேஜைக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதை என் கம்ப்யூட்டரில் செருகினார். மற்றவர்கள் எல்லாரும் என் கம்ப்யூட்டர் வழியாக அச்செடுக்கும்படி செய்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து என் கம்ப்யூட்டர் ஓடினால்தான் அந்த ஆபீஸில் யாருக்கும் தாள் வரும்.

ஓடவிட்டுக் கிளம்பவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கோட்டைக்குள் அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர் ஆடிட்டர் சார். வீட்டில் அடுப்பை எரியவிட்டு யாராவது வெளியே போவார்களா என்பது அவர் கட்சி. "ஆளில்லாத மிஷின் ஓடப்டாது, கேட்டியா? தீ பிடிச்சா ஆரு பதில் சொல்றது? அவாவா மிஷினை அவாவாதான் அணைச்சு மூடணும்." ஆகவே எல்லாரும் அச்செடுத்து முடிக்கும்வரை என் மிஷினுக்கு நான் காவல்.

சாயங்காலம் பையைத் தோளில் மாட்டினேனோ இல்லையோ, தட்டச்சு பார்க்கும் லீலா சேச்சி எட்டிப் பார்ப்பார். "மோளே, போகல்லே, கேட்டோ. எனிக்கி ஒரு பேஜ் கூடி உண்டு." அந்த ஒரு பேஜ் வந்து முடிவதற்குள், திருநெல்வேலிக்காரரான கணக்கர் அண்ணாச்சி கையைத் தூக்குவார். "ஏம்மா, ஒரு பத்து நிமிசம் இரி. இந்தா முடிஞ்சிட்டு." அண்ணாச்சியின் பத்து நிமிடத்தில் ஒரு கல்யாணமே நடத்தலாம். இருவரும் நல்லவர்கள். அதுதான் கொடுமை. கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் படியிறங்கியிருப்பேன். ஜன்னல் வழியே கிழக்கேகோட்டைப் பக்கம் போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எங்கள் பாசஞ்சர் இந்நேரம் நெய்யாற்றின்கரை தாண்டியிருக்கும் என்று மனது தானாகக் கணக்குப் போடும். அழுகை வரும். அழுதால் சேச்சி டீ வாங்கிக் கொடுப்பார், இன்னும் நேரமாகும் என்று அடக்கிக்கொள்வேன்.

பிரிண்டருடன் வந்த புத்தகத்தை இப்படி ஒரு காத்திருப்பில்தான் புரட்டினேன். பிரிண்டரின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைக் கழற்றினால் நெட்வொர்க் ஒயருக்கான துளை. பிரிண்டருக்கென்று தனியாக ஒரு முகவரி எண் கொடுத்துவிட்டால், ஒவ்வொருவரும் நேராக அதனிடமே பேசலாம், என் கம்ப்யூட்டர் நடுவில் வேண்டாம் என்று படம் போட்டுச் சொல்லியிருந்தார்கள். ஆடிட்டர் சாரிடம் ஓடினேன். "ஓடிண்டிருக்கறதைத் தொடப்டாது, கொழந்தே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அதற்குள் எனக்கு நாகர்கோவிலிலேயே ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம், நான்கு மணிக்குத் திரும்பிவிடலாம். விஜயதசமிக்கு மறுநாள் காலை சேரவேண்டும். சேரும்போது பழைய இடத்தின் விடுவிப்புக் கடிதம் கையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். கடிதம் கேட்டதும் ஆடிட்டர் சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நீ போயிட்டா பேப்பர் எப்பிடி வரும்?"

"அதான் சார், அந்த ஒயரை மாத்திட்டா..."

"மாத்திக்கோ. உன் மிஷின் அணைஞ்சிருக்கறச்சே எல்லாருக்கும் பேப்பர் வரட்டும். அன்னிக்கே உன் லெட்டர்ல கையெழுத்துப் போட்டுத் தரேன்."

எனக்குத் துள்ளிக் குதிக்காத குறை. எல்லார் கம்ப்யூட்டரிலும் ஏற்றவேண்டிய சிடியைத் தேடி அலமாரியைத் திறந்தால், அலமாரி காலி. அன்று துர்காஷ்டமி. கேரளத்தில் அன்று சாயங்காலம் புத்தகங்களையும் தொழில் கருவிகளையும் பூஜைக்கு வைத்துவிடுவார்கள். விஜயதசமி காலையில் பூஜை முடித்து அவற்றைத் திரும்ப எடுக்கிற வரை படிக்கவும் கூடாது, தொழில் பார்க்கவும் கூடாது. நான் பேசிவிட்டு வருவதற்குள் சேச்சி கீபோர்டுகளுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்திருந்தார். அண்ணாச்சியின் கால்குலேட்டர், வரிச்சட்டப் புத்தகங்கள் எல்லாம் பட்டுத்துணி மேல் அடுக்கியாயிற்று. அவற்றின் நடுவே, உறையிலிருந்து எடுத்து நிமிர்த்திச் சாய்த்து, பிரிண்டரின் சிடி.

"அதுவும் ஒரு கிரந்தந்தானே" என்றார் ஆடிட்டர் சார்.

"சார், அரை மணி நேரம். அப்புறம் திரும்ப வச்சிடுறேன்."

"வெச்சதை எடுக்கப்டாது. சரஸ்வதியாக்கும்."

சரஸ்வதியுடன் நான் எப்படி வாதாடுவது? மறுநாள் ஆயுதபூஜையன்று நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் கடை ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினேன். எல்லாரும் பொரிகடலைப் பொட்டலம் தந்தார்கள். சிடி யாரும் தரவில்லை. "நாளைக்கு வாங்க, இன்னைக்கு பில்லு போடமாட்டோம்." இருட்டித்தான் வீடு திரும்பினேன், நாலைந்து பொட்டலம் பொரியுடன்.

விஜயதசமி காலை முதல் வண்டியில் திருவனந்தபுரம் போய் இறங்கினேன். கற்பூரம் காட்டி, அவலும் வெல்லமும் கொடுத்து முடிக்கும்வரை கைகட்டி நின்றேன். பிறகு ஆடிட்டர் சார் சிடியைத் தன் கையாலேயே எடுத்து, பிரசாதம்போல என் உள்ளங்கையில் வைத்தார். திருப்பிப் பார்த்தேன். பளபளப்பான பக்கத்தில் மூன்று விரலால் இழுத்த சந்தனப் பட்டை, நடுவில் குங்குமம். நன்றாகக் காய்ந்திருந்தது.

"இந்தப் பக்கத்துலயா சார் பூசினீங்க?"

"அதுதானே முகம்? மத்தப் பக்கம் எழுத்துன்னா இருக்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மாடியே இடிந்து விழுந்திருக்கவேண்டும். குழாயடியில் கழுவினேன், புடவைத் தலைப்பால் துடைத்தேன். சந்தனத்தின் நறநறப்பு தேய்க்கத் தேய்க்கக் கீறலாக மாறியது. உள்ளே செருகினால் இரண்டு சுற்று உறுமிவிட்டு, படிக்க முடியவில்லை என்றது. சேச்சியின் கம்ப்யூட்டரிலும் அதே பதில், அண்ணாச்சியுடையதிலும் அதே பதில். ஆபீஸ் முழுக்கக் கோயில் வாசனை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். நாளைக் காலை அந்த வேலை வேறொருத்திக்கு. எனக்கு இதே நாற்காலி. குழந்தை பள்ளிக்கூடம் போகும், பெரியவளாவாள். நான் அடுத்த வண்டியில் வந்துகொண்டே இருப்பேன்.

சேச்சி முதுகைத் தடவினார். "வேறெ வழி ஒண்ணும் இல்லியா, மோளே?"

வழி கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தது. பிரிண்டர்களின் பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்று அதிலேயே உண்டு. எங்களுடையது அதில் இல்லை, ஆனால் அதே கம்பெனியின் பழைய மாடல் ஒன்று இருந்தது. அண்ணன் செருப்பு தம்பிக்குச் சேராதா என்று அதையே தேர்ந்தெடுத்து, நெட்வொர்க் ஒயரைப் பிரிண்டரின் துளையில் செருகி, புத்தகம் சொன்னபடி அதற்கு ஓர் எண் கொடுத்து, சோதனைத் தாள் கேட்டேன். பிரிண்டர் விளக்கு மட்டும் சிமிட்டியது. வெகுநேரம் விழித்த பிறகுதான் புரிந்தது, அது அமெரிக்கக் காகித அளவைக் கேட்டு நிற்கிறது. நம்மூர் அளவை மாற்றிக் கொடுத்தேன். கடகடவென்று தாள் வந்தது. அப்புறம் ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து அதையே செய்தேன். மத்தியானச் சாப்பாடு என்று ஒன்று இருப்பதே நினைவில்லை.

கடைசியில் ஆடிட்டர் சார் வந்து நின்றார். "இப்போ உன் மிஷினை அணை."

அணைத்தேன். விசிறியின் இரைச்சல் நின்றது. அண்ணாச்சி ஒற்றை விரலால் அழுத்திவிட்டு, "வரலியேம்மா" என்றார். பச்சை விளக்கு ஒருமுறை மினுங்கியது. தாள் வந்தது.

ஆடிட்டர் சார் அந்தத் தாளை எடுத்து, சூடு ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தார். பிறகு உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தார். "சொன்னா சொன்னதுதான். ஆத்துக்குப் போ, கொழந்தே." அவர் குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. ஆனாலும் படியில் ஓடித்தான் இறங்கினேன்.

வீட்டுக்குப் போனபோது சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. மகள் வாசலில் சிரட்டையில் மண் அள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வரவில்லை. வெயிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே திரும்பிக் கத்தினாள்: "அத்தே, இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா?"

மைனி புடவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கல்லூரியில் சேர்ந்த பிறகும் தினமும் அதே கேள்விதான். செவ்வாய் சாயங்காலம் ஞாயிற்றுக்கிழமையா என்பாள், புதனன்றும் கேட்பாள். ஆமாம் என்றே சொல்லிவந்தேன்.

பழவங்காடியில் அந்த மாடி இப்போது இல்லை; இடித்துவிட்டு ஜவுளிக்கடை கட்டியிருக்கிறார்கள். ஆடிட்டர் சாரும் போய்விட்டார், சீசன் டிக்கெட் கூட்டாளிகள் திசைக்கொருவராகிவிட்டார்கள். அந்தக் கேள்வியும் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு சாயங்காலம் நான் உள்ளே நுழைந்தபோது அவள் விளையாட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "அம்மா, செருப்ப அங்க விடாத. அது என் கடை" என்றாள்.